மாநிலத்துக்கு ரெண்டு சீட்டு

1787 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கூட்டம் கூடியது. இங்கிலாந்து ராஜாவை விரட்டிவிட்டுச் சுதந்திரம் வாங்கிய பதின்மூன்று மாநிலங்கள், வாங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த நேரம். அழைப்பு பதின்மூன்றுக்கும் போனது. பன்னிரண்டுதான் ஆள் அனுப்பியது. ரோட் ஐலண்ட் கடைசிவரை எட்டிப் பார்க்கவில்லை. பெரிய மாநிலங்கள் கூப்பிட்டு அனுப்பினால் அது நல்லதுக்காக இருக்காது என்பது அந்தக் குட்டி மாநிலத்தின் கணக்கு.

வந்து போனவர்கள் மொத்தம் 55 பேர். வக்கீல்கள், பண்ணையார்கள், வியாபாரிகள். உள்ளே பேசுவது வெளியே ஒரு வார்த்தை கசியக் கூடாது என்று வாசலில் காவல் போட்டு, ஜன்னல்களை இறுக்கிச் சாத்திக்கொண்டார்கள். ஃபிலடெல்ஃபியாவின் கோடைப் புழுக்கம், அதற்கு மேல் கோட்டு, சிலர் தலையில் டோப்பா வேறு. உலகமே மேற்கோள் காட்டும் அரசியல் சட்டம் வேர்த்து விறுவிறுத்து எழுதப்பட்டது. 81 வயது பெஞ்சமின் ஃபிராங்க்ளினால் அதிகம் நடக்க முடியாது, பல்லக்கில் வந்தார். தூக்கி வந்தவர்கள் பக்கத்துச் சிறையின் கைதிகள் என்று சொல்வதுண்டு.

தலைமை நாற்காலியில் ஜார்ஜ் வாஷிங்டன். அதிகம் வாய் திறக்காத மனிதர். ஒருநாள் யாரோ ஓர் உறுப்பினர் தீர்மானங்களின் ரகசிய நகலைத் தவறவிட, அது வாஷிங்டன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைய கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்தார். ஒரு பாட்டம் கடிந்துகொண்டார். தாளை மேஜை மேல் வீசி, யாருடையதோ அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுத் தொப்பியோடு கிளம்பிவிட்டார். ஜார்ஜியாவிலிருந்து வந்த வில்லியம் பியர்ஸ் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். நகலைக் காணோம். குலை நடுங்கிப்போய் விடுதிக்கு ஓடினால், இன்னொரு கோட்டின் பையில் பத்திரமாக இருந்தது. மேஜையில் கிடந்த தாளை மட்டும் என்னுடையது என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. புரட்சி செய்து ஒரு சாம்ராஜ்யத்தையே எதிர்த்தவர்கள்தான் அத்தனை பேரும்.

இந்த வீராதி வீரர்கள் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டது ஒரே கேள்வியில். புதிய நாடாளுமன்றத்தில் யாருக்கு எத்தனை நாற்காலி? தலைக்கணக்குப்படி என்றது விர்ஜினியா. அங்கேதான் தலைகள் அதிகம். மாநிலத்துக்கு மாநிலம் சமம் என்றது நியூ ஜெர்சி. டெலவேர் அதற்கும் மேலே போய், சம ஓட்டில் கைவைக்க உங்களுக்கு அதிகாரமே கிடையாது என்று எழுதிக்கொடுத்தே தன் ஆட்களை அனுப்பியிருந்தது. ஜூன் 30 அன்று டெலவேரின் கன்னிங் பெட்ஃபோர்டு எழுந்து, ரொம்பவும் நெருக்கினால் எங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வெளிநாட்டில் நாணயமான நண்பர்கள் கிடைப்பார்கள் என்கிற அர்த்தத்தில் மிரட்டினார். நாடு பிறந்து பதினோரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் பாகப்பிரிவினைப் பேச்சு.

மேரிலாந்தின் லூதர் மார்ட்டின் மாநில உரிமைக்காகப் பேச எழுந்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசினார். களைத்துப் போனதால் மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தார். சொன்னபடியே மறுநாளும் பேசினார். மூடிய ஜன்னல், ஜூன் மாதம். சபை அவரை அப்போதே மன்னித்திருக்காது.

ஆனால் சரித்திரத்தைத் திருப்பியது பேச்சு இல்லை, ஒருவரின் தாமதம். மேரிலாந்துக்கு ஓட்டு ஒன்றுதான்; அதை மார்ட்டினும், டேனியல் ஆஃப் செயின்ட் தாமஸ் ஜெனிஃபர் என்ற நீண்ட பெயர்க்காரரும் சேர்ந்து போட வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகாது. இருவரும் இருந்தால் ஓட்டு ரெண்டுபட்டுச் செல்லாமல் போகும். ஜூலை 2 காலை ஓட்டெடுப்பு நேரத்தில் ஜெனிஃபர் சபையில் இல்லை. மார்ட்டின் தனியாளாக மேரிலாந்தின் ஓட்டைச் சம உரிமைக்குப் போட்டுவிட்டார். ஜார்ஜியாவிலும் ஒருவர் மனம் மாற, அந்த மாநிலம் ரெண்டுபட்டது. ஐந்துக்கு ஐந்து. முடிவு அறிவித்த பிறகு ஜெனிஃபர் ஆர அமர உள்ளே வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு வயோமிங் மாநிலத்தின் ஆறு லட்சத்துக்கும் குறைவான ஜனங்களுக்கு ரெண்டு செனட்டர், கலிஃபோர்னியாவின் சுமார் நான்கு கோடிப் பேருக்கும் அதே ரெண்டு செனட்டர் என்றால், அந்த ஏற்பாட்டின் பின்னால் ஜெனிஃபரின் காலை நேரச் சோம்பலும் கொஞ்சம் இருக்கிறது.

ஜூலை 16 அன்று கனெக்டிகட்காரர்களின் சமரசம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தேறியது. கீழவை தலைக்கணக்குப்படி, மேலவையான செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம். மறுநாள் காலை பெரிய மாநிலக்காரர்கள் தனியே கூடி, இதை ஏற்பதா எதிர்ப்பதா என்று பேசிப் பேசி, ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்தார்கள். மாநிலத்தின் சம்மதமில்லாமல் அதன் சம உரிமையைப் பறிக்க முடியாது என்று தனியாக ஒரு பூட்டும் போட்டாயிற்று. அந்தப் பூட்டுக்கு இன்றுவரை சாவி இல்லை.

யார் தேர்ந்தெடுப்பது?

பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் மட்டும், செனட்டர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். பத்துக்கு ஒன்று என்று தோற்றது. ஆதரித்த ஒன்று அவருடைய சொந்த மாநிலம். சாதாரண ஜனங்களிடம் கீழவையைக் கொடுத்ததே அதிகம் என்று நினைத்தவர்கள் சபையில் நிறைய. கடைசியில் மாநிலச் சட்டமன்றமே செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் என்று முடிவானது. ஆறு வருடப் பதவி, ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் ஓய்வு. ராஜ்யசபா தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு ஒருவரை டில்லிக்கு அனுப்பும்போது ஊரில் என்னென்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஃபிலடெல்ஃபியாவில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, பாவம். சட்டமன்றம் நிதானமாக யோசித்து மாநிலத்திலேயே சிறந்த மனிதரை அனுப்பும், அவர் மாநிலத்தின் தூதர் மாதிரி இருப்பார் என்று நம்பினார்கள்.

செனட் எதற்கு என்று ஜெஃபர்சன் கேட்டதாகவும், நீ காப்பியை டபராவில் ஊற்றுவது எதற்கு, ஆறத்தானே, அதற்குத்தான் செனட்டும் என்று வாஷிங்டன் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நடந்ததற்குச் சாட்சி கிடையாது; ஆனால் செனட்டர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை. எல்லா மசோதாவையும் ஆற வைத்தே குடிக்க முடியாமல் செய்துவிடுகிறார்கள் என்று கீழவைக்காரர்கள் இன்றும் புலம்புகிறார்கள்.

அவ்வளவு யோசித்து எழுதிய அரசியல் சட்டத்தில் கட்சிகளுக்கு இடமே வைக்கவில்லை. கட்சி என்றால் கெட்ட வியாதி, நம் நாட்டுக்கு வராது என்று நினைத்துக்கொண்டார்கள். 1789 மார்ச் 4 அன்று செனட் முதன்முறையாகக் கூட வேண்டும். 22 பேரில் 12 பேர் வந்தால் கோரம். வந்தவர்கள் எட்டு. ஒருமாதம் காத்திருந்து ஏப்ரல் 6 அன்றுதான் பன்னிரண்டாவது ஆள் வந்து சேர்ந்தார். கூட்டம் நடந்ததோ நியூயார்க் நகரத்தில். ஆனால் நியூயார்க் மாநிலத்துக்கு மட்டும் செனட்டரே இல்லை. அங்கே சட்டமன்றத்தின் ரெண்டு அவைகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, ஜூலையில்தான் ஆள் அனுப்பின. கல்யாணம் நம் வீட்டில், மாப்பிள்ளையைக் காணோம்.

கோரம் சேர்ந்ததும் செனட் கையில் எடுத்த தலைபோகிற பிரச்சினை, குடியரசுத் தலைவரை எப்படி அழைப்பது என்பது. தலைமை வகித்த ஜான் ஆடம்ஸுக்குப் பட்டங்கள் மேல் பிரியம். ‘மேன்மை தங்கிய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவரும் அவற்றின் சுதந்திரங்களின் காவலரும்’ என்று ஒரு குழு நீட்டி முழக்கியது. கீழவை வெறும் தலைவர் போதும் என்று முடித்துவிட்டது. ஆடம்ஸின் உடம்பு வாகைப் பார்த்து, அவருக்கு மட்டும் மேதகு தொந்தியார் என்று கிண்டல் பட்டம் நிலைத்தது.

செனட் ஆரம்ப வருடங்களில் கதவைச் சாத்திக்கொண்டே நடந்தது. பொதுமக்களுக்காக முதன்முதலாகக் கதவு திறந்தது 1794-ல், ஆல்பர்ட் கலட்டின் விவகாரத்துக்காக. பென்சில்வேனியாவின் சட்டமன்றம் ரெண்டு வருடம் சண்டை போட்டு நாற்காலியைக் காலியாக வைத்திருந்துவிட்டு, கடைசியில் அனுப்பிய ஆள் அவர். குடியுரிமை பெற்று ஒன்பது வருடம் ஆகவில்லை என்று சொல்லி, 14க்கு 12 என்ற ஓட்டில் அவரை வெளியே அனுப்பினார்கள். ஓட்டு அப்பட்டமாகக் கட்சிவாரியாகப் பிரிந்தது. வராது என்று சொன்ன வியாதி ஐந்தே வருடத்தில் வந்துவிட்டது. வெளியேற்றப்பட்ட கலட்டின் அடுத்த கட்சி ஆட்சியில் நிதியமைச்சராகி, பதிமூன்று வருடம் அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை.

சொன்னதைச் செய், இல்லையேல் வீட்டுக்குப் போ

செனட்டரை நாங்கள்தானே அனுப்பினோம், நாங்கள் சொல்கிறபடி ஓட்டுப் போடட்டும் என்று மாநிலச் சட்டமன்றங்கள் உத்தரவு அனுப்பத் தொடங்கின. மாநிலத்தின் குரல் என்று பெயர். உத்தரவு போடுவது அன்றைக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை எந்தக் கட்சியோ அந்தக் கட்சி. 1834-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்து செனட் ஒரு தீர்மானம் போட்டது. ஜாக்சன் கட்சியினர் விர்ஜினியா சட்டமன்றத்தைப் பிடித்ததும், அந்தக் கண்டனத்தைப் பதிவேட்டிலிருந்தே அடித்துவிட ஓட்டுப் போடு என்று தங்கள் செனட்டர் ஜான் டைலருக்கு உத்தரவு வந்தது. டைலர் மானஸ்தர். மனசாட்சிக்கு விரோதமாக ஓட்டுப் போடவும் மாட்டேன், உத்தரவை மீறவும் மாட்டேன் என்று 1836-ல் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அதே உத்தரவு வந்த இன்னொரு விர்ஜினியா செனட்டர் பெஞ்சமின் லீ, முடியாது என்று உட்கார்ந்தே இருந்தார். ஒரே மாநிலம், ஒரே உத்தரவு, ரெண்டு பதில். 1837-ல் செனட் குமாஸ்தா பழைய பதிவேட்டை எடுத்துவந்து, கண்டனத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டார். கண்டனம் ரத்தானது. டைலர் நான்கு வருடம் கழித்து ஜனாதிபதியானார். அவரை அவருடைய கட்சியே நீக்கியது. அது வேறு கதை.

ஆபிரகாம் லிங்கனுக்கும் இந்தச் சட்டமன்றத் தேர்தல் ரெண்டு முறை கசந்தது. 1855-ல் இல்லினாய் சட்டமன்றத்தில் முதல் சுற்றில் அவர்தான் முதலிடம். லைமன் டிரம்புல்லுக்குக் கிடைத்தவை ஐந்தே ஓட்டு. ஆனால் அந்த ஐந்து பேரும் அசையவே இல்லை. கவர்னர் மேட்டசன் நடுவில் புகுந்து தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயத்தில், லிங்கனே தன் ஆட்களை டிரம்புல்லுக்குப் போடச் சொல்லிவிட்டார். பத்தாவது சுற்றில் ஐந்து ஓட்டுக்காரர் செனட்டரானார். லிங்கன் சிரித்த முகத்தோடு கைகுலுக்கினார். அவர் மனைவி மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. டிரம்புல்லின் மனைவி ஜூலியா, மேரியின் கல்யாணத்தில் தோழியாக நின்றவர்; அந்த நட்பு அன்றோடு முறிந்தது.

1858-ல் ஸ்டீஃபன் டக்ளஸோடு ஊர் ஊராக ஏழு பட்டிமன்றம். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். முதலில் பேசுபவர் ஒரு மணி நேரம், எதிராளி ஒன்றரை மணி நேரம், பிறகு முதலில் பேசியவருக்கு அரைமணி. அத்தனை கூட்டத்திலும் நின்று கேட்ட ஜனங்கள் ஒருவர்கூட லிங்கனுக்கோ டக்ளஸுக்கோ ஓட்டுப் போடவில்லை, போட முடியாது. வாக்குச்சீட்டில் ரெண்டு பேர் பெயரும் இல்லை. எம்.எல்.ஏ.க்களுக்குத்தான் ஓட்டு. சட்டமன்றம் 54க்கு 46 என்று டக்ளஸை அனுப்பியது. நாட்டையே உலுக்கிய விவாதத்தின் முடிவை எடுத்தவர்கள் 100 பேர். எப்படி எடுப்பார்கள் என்பது எம்.எல்.ஏ. தேர்தல் முடிந்ததுமே அநேகமாகத் தெரிந்த விஷயம்.

மாநிலம் செய்வது எப்படி?

மாநிலத்துக்கு ரெண்டு செனட்டர் என்றால், கட்சிக்காரன் மூளை அடுத்து எங்கே போகும்? புது மாநிலம் உண்டாக்குவதில். 1864 தேர்தல் நெருங்கியபோது நெவாடாவை மாநிலமாக்கக் குடியரசுக் கட்சிக்கு அவசரம். அஞ்சலில் அனுப்பிய அரசியல் சட்ட நகல் வாஷிங்டன் வந்துசேரவில்லை. முழுச் சட்டத்தையும் தந்தியில் அடித்தார்கள். 16,000 வார்த்தைக்கு மேல், இரண்டு நாள் தட்டினார்கள். வார்த்தைக்குக் காசு வாங்கிய காலம். அக்டோபர் 31 அன்று நெவாடா மாநிலமானது; தேர்தல் நவம்பர் 8.

1889-ல் குடியரசுக் கட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. டகோட்டா என்று ஒரு பிரதேசம். ஒரே மாநிலமாக்கினால் ரெண்டு செனட்டர். வடக்கு, தெற்கு என்று வெட்டினால் நான்கு. வெட்டினார்கள். எது மூத்தது என்று பின்னால் சண்டை வரக் கூடாதென்று ஜனாதிபதி ஹாரிசன் ரெண்டு ஆவணங்களையும் கலைத்துப்போட்டு, மேல்பகுதியை மறைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். எது முதலில் மாநிலமானது என்பது அவருக்கே தெரியாது. அடுத்த ஒன்பது மாதத்தில் மொன்டானா, வாஷிங்டன், ஐடஹோ, வயோமிங். இந்த ஆறு மாநிலங்களிலிருந்தும் முதலில் செனட்டில் உட்கார்ந்த அத்தனை பேரும் குடியரசுக் கட்சி.

மொன்டானாவில் மட்டும் ஒரு சிக்கல். கட்சிக்கு ஒன்றாக ரெண்டு சட்டமன்றம் தனித்தனியே நடந்து, நான்கு செனட்டர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டன. இருந்ததோ ரெண்டு நாற்காலி. செனட் குடியரசுக் கட்சிக்காரர்களை உட்கார வைத்து மற்ற ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பியது. திரும்பிப் போன இருவரில் ஒருவர் செப்புச் சுரங்க கோடீஸ்வரர் வில்லியம் கிளார்க். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காசோடு திரும்பி வருவார்.

கடிகாரத்தின் மேல் மசிக்குப்பி

1866-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ரெண்டு அவையும் ஒத்துப்போகாவிட்டால், தினமும் மதியம் கூட்டாக உட்கார்ந்து, ஆள் கிடைக்கும்வரை நாளுக்கு ஒருமுறையாவது ஓட்டெடுக்க வேண்டும். முட்டுக்கட்டையைத் தீர்க்க வந்த இந்தச் சட்டம் முட்டுக்கட்டையைத் தினசரி நிகழ்ச்சியாக்கிவிட்டது. 1891 முதல் 1905 வரை 20 மாநிலங்களில் 45 முறை இழுபறி. டெலவேரில் 1895-ல் 114 நாளில் 217 முறை ஓட்டெடுத்தார்கள். செனட்டர் கிடைக்கவில்லை. ஜே. எட்வர்ட் அடிக்ஸ் என்ற கேஸ் கம்பெனி முதலாளிக்கு டெலவேரின் செனட்டராகியே தீர வேண்டும் என்ற ஆசை. பணத்தை இறைத்தார். அவருக்கு ஜெயிக்கப் போதுமான ஆள் இல்லை; மற்றவரை ஜெயிக்கவிடாமல் தடுக்கப் போதுமான ஆள் இருந்தது. 1901 முதல் 1903 வரை டெலவேருக்கு செனட்டில் ஒருவருமே இல்லை. சம உரிமை இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரன் கையைப் பிடிப்போம் என்று மிரட்டிய அதே டெலவேர். கிடைத்த ரெண்டு நாற்காலியிலும் தூசி படிந்து கிடந்தது.

மிசௌரி 1905 இந்த வகையின் உச்சம். கூட்டத்தொடரின் கடைசி நாள். குறித்த நேரத்தில் சபை கலைந்தாக வேண்டும். செனட்டர் இன்னும் தேறவில்லை. குடியரசுக் கட்சியினர் சிலர், சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிட்டால் நேரம் ஆகாதே என்று கண்டுபிடித்து, ஏணியைக் கொண்டுவந்தார்கள். ஜனநாயகக் கட்சியினர் ஏணியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்கள். அடிதடி தொடங்கியது. மேஜைகள் தரையிலிருந்து பெயர்ந்தன. சட்டப் புத்தகங்கள் பறந்தன. அந்தப் புத்தகங்கள் அவ்வளவு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். கடிகாரத்தின் கண்ணாடி நொறுங்கியது. பெண்டுலம் அசருவதாக இல்லை, ஆடிக்கொண்டே இருந்தது. ஓர் உறுப்பினர் மசிக்குப்பிகளை எடுத்துக் குறிபார்த்து எறிய ஆரம்பித்தார். கடைசியில் ஒன்று பட்டுப் பெண்டுலம் நின்றது. ரெண்டு அவைத் தலைவர்களும் மேஜை மேல் ஏறி நின்று கையை ஆட்டிக் கத்தி ஒருவழியாக அமைதி கொண்டுவந்தார்கள். வில்லியம் வார்னர் என்பவர் செனட்டராகத் தேர்வானார். மாநிலத்திலேயே சிறந்த மனிதரைச் சட்டமன்றம் நிதானமாக யோசித்து அனுப்பும் என்று எழுதிவைத்தவர்கள் அதற்குள் எப்போதோ கல்லறைக்குப் போயிருந்தார்கள்.

வாங்கிய நாற்காலியை விட்டுவிட்டு மறுபடி வாங்கியவர்

இப்போது கிளார்க். 1893-ல் நூலிழையில் தவறவிட்டார். பரம எதிரி மார்க்கஸ் டேலி, அவரும் செப்புக் கோடீஸ்வரர், குறுக்கே நின்றார். 1899-ல் கிளார்க் எந்தக் கூச்சத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. ஜனவரி 10 அன்று ஃபிரெட் வைட்சைடு என்ற மாநில செனட்டர் 30,000 டாலரைச் சபை முன்னால் எடுத்துக் காட்டினார். முப்பது நோட்டு, ஒவ்வொன்றும் ஆயிரம் டாலர். இது கிளார்க்கின் ஆட்கள் ஓட்டுக்காகக் கொடுத்த பணம் என்றார். சபை அதிர்ந்தது என்று எழுத ஆசைதான். கிளார்க் தரப்பு, டேலி கிளப்பிவிட்ட நாடகம் என்றது. கிராண்ட் ஜூரி, ஆதாரம் போதாது என்றது. வைட்சைடின் சொந்தத் தேர்தல் செல்லாது என்று சொல்லி அவரையே சபையிலிருந்து வெளியேற்றினார்கள். அதே மாதம் கிளார்க் செனட்டரானார். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்தும் பதினொரு பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். கட்சி எல்லைகளைத் தாண்டிய அபூர்வமான ஒற்றுமை.

புகார் வாஷிங்டனுக்குப் போனது. செனட் குழு விசாரித்து, இவர் உட்காரத் தகுதியில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. சபை ஓட்டுக்கு வரும் முன் 1900 மே 15 அன்று கிளார்க் உருக்கமாக ஒரு உரை நிகழ்த்தி ராஜினாமா செய்தார். மானம் பெரிது என்று ராஜினாமா செய்ததாக நினைத்துவிடாதீர்கள். மொன்டானா கவர்னர் ஸ்மித், கிளார்க்குக்கு ஆகாதவர். ஒரு சுரங்க வழக்கு வேலை என்று அவரை கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்திருந்தார்கள். அவர் ஊரில் இல்லாத நேரம் பொறுப்பில் இருந்தவர் துணை கவர்னர் ஸ்பிரிக்ஸ், கிளார்க்கின் ஆள். காலியான செனட் இடத்துக்கு அவர் நியமித்தது யாரை? கிளார்க்கை. ராஜினாமா செய்த ஆளையே அவர் ராஜினாமா செய்த இடத்துக்கு. கவர்னர் பதறியடித்துக்கொண்டு திரும்பி வந்து, நியமனம் செல்லாது என்று வேறொருவரை நியமித்தார். அந்த வேறொருவர் மார்ட்டின் மாகினிஸ். 1890-ல் கிளார்க்கோடு சேர்ந்து செனட் வாசலிலிருந்து திரும்பிய அதே ஆள். அவருக்கும் நாற்காலி கிடைக்கவில்லை.

1901-ல் மொன்டானா சட்டமன்றம் கிளார்க்கை மறுபடி முறைப்படி தேர்ந்தெடுத்தது. 1907 வரை ஆறு வருடமும் முழுசாக உட்கார்ந்துவிட்டுப் போனார். லாஸ் வேகஸ் நகரம் உருவாகக் காரணமான ரயில்பாதையும் நில ஏலமும் அவருடையவை. அந்த மாவட்டத்துக்கு இன்றும் கிளார்க் கவுண்டி என்று பெயர். சூதாட்டத்துக்குப் பேர்போன ஊருக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது.

ஜனங்களுக்கு வேடிக்கை பார்த்து அலுத்துப்போனது. 1889-லேயே ‘பக்’ பத்திரிகையில் ஜோசஃப் கெப்ளர் ஒரு கார்ட்டூன் போட்டிருந்தார். செனட்டுக்குப் பின்னால் பணமூட்டை உடம்போடு முதலாளிகள் மலைபோல் நிற்கிறார்கள்; மேலே மூலையில் மக்கள் நுழையும் வாசல், சாத்திப் பூட்டியிருக்கிறது. 1909-ல் ஓரிகன் மாநிலம் ஒரு தந்திரம் செய்தது. மக்கள் யாருக்கு அதிக ஓட்டுப் போடுகிறார்களோ அவரையே தேர்ந்தெடுப்போம் என்று எம்.எல்.ஏ.க்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டார்கள். மக்கள் ஜார்ஜ் சேம்பர்லேன் என்ற ஜனநாயகக் கட்சிக்காரருக்குப் போட்டார்கள். குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம், பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்க்கட்சிக்காரரைத் தேர்ந்தெடுத்தது. அதே வருடம் இல்லினாய் சட்டமன்றம் வில்லியம் லாரிமரை அனுப்பியது. மறுவருடம் ஓர் எம்.எல்.ஏ., நான் ஆயிரம் டாலர் வாங்கினேன் என்று ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகையில் விலாவாரியாகச் சொல்லிவிட்டார். 1912 ஜூலையில் செனட் லாரிமரின் தேர்தலையே செல்லாததாக்கியது. 1913 ஏப்ரல் 8 அன்று பதினேழாவது திருத்தம் நிறைவேறியது. ஜேம்ஸ் வில்சன் கேட்டு பத்துக்கு ஒன்று என்று தோற்றதைக் கொடுக்க 126 வருடம் ஆயிற்று.

மக்கள் கைக்கு வந்த பிறகு

செனட்டர் இனி மக்கள் பிரதிநிதி. ஆனால் யாருடைய ஆள் என்பதில் மாற்றமில்லை. 2001-ல் செனட் 50க்கு 50 என்று நின்றது. துணை ஜனாதிபதியின் ஓட்டால் குடியரசுக் கட்சி ஆண்டது. மே 24 அன்று வெர்மான்ட்டின் ஜிம் ஜெஃபர்ட்ஸ், நான் இனி சுயேச்சை, ஜனநாயகக் கட்சியோடு உட்காருவேன் என்றார். ஒரு தேர்தலும் இல்லாமல் பெரும்பான்மைத் தலைவர் முதல் குழுத் தலைவர்கள்வரை அத்தனை நாற்காலியும் கைமாறின.

காலியிடத்துக்குத் தற்காலிகமாக ஆள் போடும் அதிகாரம் மட்டும் கவர்னரிடமே தங்கிவிட்டது. அலாஸ்காவில் செனட்டர் ஃபிராங்க் மர்கௌஸ்கி 2002-ல் கவர்னரானார். காலியான தன் இடத்துக்கு மாநிலம் பூராவும் தேடி, கடைசியில் தன் மகள் லீசாவைக் கண்டுபிடித்தார். 2010-ல் லீசாவைக் கட்சி கைவிட்டது. உட்கட்சித் தேர்தலில் தோற்றார். விடவில்லை. வாக்குச்சீட்டில் அச்சிடாத பெயரை வாக்காளரே கைப்பட எழுதலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டார். எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வேண்டுமே, அதுவும் மர்கௌஸ்கி என்ற பெயரை! பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் விளம்பரங்கள், பெயர் அச்சிட்ட கைப்பட்டைகள். எதிராளி ஒவ்வொரு எழுத்துப்பிழைக்கும் கோர்ட்டுக்குப் போனார். லீசா ஜெயித்தார். அப்படி ஜெயித்தது 1954-க்குப் பிறகு அதுதான் முதல்முறை.

இல்லினாய் கவர்னர் ராட் பிளாகோயெவிச், 2008-ல் ஒபாமா காலி செய்த செனட் இடத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று டெலிஃபோனில் பேரம் பேசியதை ஒட்டுக்கேட்டு, டிசம்பர் 9 காலை வீட்டிலேயே கைது செய்தார்கள். நூறு வருடத்துக்கு முன் லாரிமரை அனுப்பிய அதே மாநிலம். லாரிமர் காலத்தில் விலையை எம்.எல்.ஏ.க்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்; இவர் மொத்த வியாபாரத்தையும் தனியாளாகச் செய்யப் பார்த்தார்.

மக்களே தேர்ந்தெடுத்தால் மாநிலத்துக்கு உழைப்பவரைக் கட்சி பார்க்காமல் தேர்ந்தெடுப்பார்கள் என்ற நம்பிக்கையும் கொஞ்ச காலம் உண்மையாக இருந்தது. 1970களின் இறுதியில் ஐம்பது மாநிலங்களில் பாதிக்கு மேல் கட்சிக்கு ஒருவராக ரெண்டு செனட்டரை அனுப்பின. 2025 தொடங்கும்போது அப்படிப்பட்ட மாநிலங்கள் மூன்றுதான்: மெய்ன், பென்சில்வேனியா, விஸ்கான்சின். மற்ற இடங்களில் ரெண்டு நாற்காலியும் ஒரே பக்கம். மாநிலத்தின் பெயரைச் சொன்னால் கட்சி தெரிந்துவிடும், செனட்டர் பெயர் அப்புறம். சின்ன மாநிலங்களை விழுங்க வருகிறார்கள் என்று 1787-ல் பயந்தார்களே, விழுங்க வந்தது விர்ஜினியா இல்லை.

ஒருவர் எச்சரிக்கத்தான் செய்தார். 1796-ல் வாஷிங்டன் பதவியை விட்டுப் போக முடிவு செய்தபோது விடைபெறும் மடல் ஒன்றை வெளியிட்டார். கட்சி வெறி நாட்டைக் கெடுத்துவிடும், அதில் சிக்காதீர்கள் என்பது அதன் முக்கியமான செய்திகளில் ஒன்று. செனட் அதை மறக்கவில்லை. 1896 முதல் வருடா வருடம் பிப்ரவரியில், வாஷிங்டன் பிறந்தநாளையொட்டி, ஒரு செனட்டர் எழுந்து நின்று அந்த மடலை முழுசாக வாசிக்கிறார். முக்கால் மணி நேரம் ஆகும். வாசிப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் தவறக் கூடாதல்லவா? அதற்கும் முறை வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் குடியரசுக் கட்சிக்காரர், அடுத்த வருடம் ஜனநாயகக் கட்சிக்காரர்.